தேடும் நாளுக்குக் கூலி யார் தருவது?



வேலை போயிற்று என்று ஒருவர் வந்து நின்றால், அவருக்கு அறிவுரை வழங்க இந்நாட்டில் ஆட்பஞ்சம் இருந்ததே இல்லை. "மனம் தளரவிடாதே" என்கிறார் ஒருவர். "புதிய தொழில் ஒன்றைப் பயின்றுகொள்" என்கிறார் மற்றொருவர். விண்ணப்பத்தை எப்படி எழுதுவது, நேர்காணலில் எப்படி உட்காருவது, கேட்ட கேள்விக்கு விடை தெரியாதபோது எப்படிப் புன்னகைப்பது என்பவற்றையெல்லாம் கட்டணம் பெற்றுக்கொண்டு கற்பிக்கும் கூடங்கள் நகரந்தோறும் முளைத்திருக்கின்றன. வேலை இல்லாதவனிடம் கட்டணம்! வேடிக்கை அன்றோ?

இவர்கள் கூறுவது பொய் என்று வாதிட நாம் முன்வரவில்லை. விண்ணப்பம் எழுதத்தான் வேண்டும். புதுத் தொழில் பயிலத்தான் வேண்டும். மனம் தளராதிருப்பதும் நன்றே. ஆனால் இந்த உபதேசிகள் அனைவரும் ஒரு கேள்வியை மட்டும் தொடாமல் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். வேலை தேடுவதும் ஒரு வேலைதான். அதற்கு நாள் செலவாகிறது, பேருந்துக் கட்டணம் செலவாகிறது, செருப்புத் தேய்கிறது. தேடுகிற அந்த நாட்களிலும் அடுப்பு எரிந்தாக வேண்டும். வீட்டுக்காரர் மாதம் பிறந்ததும் வாடகைக்கு வந்து நிற்பார். பிள்ளையின் பள்ளிக்கூடம் தவணை கேட்கும். தேடும் நாளுக்குக் கூலி யார் தருவது?

இன்று யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். அடகுக் கடைக்காரர் தருகிறார், மனைவியின் கழுத்தில் கிடந்ததை வாங்கி வைத்துக்கொண்டு. வட்டிக் கடைக்காரர் தருகிறார். ஊரில் இருக்கும் தம்பி, தன் விதை நெல்லுக்கு வைத்திருந்ததிலிருந்து எடுத்து அனுப்புகிறார். அதுவும் தீர்ந்தால், முதுமைக்கென்று சேர்த்த வருங்கால வைப்பு நிதியை உடைக்கிறார் தொழிலாளி. அறுபது வயதில் உண்ண வேண்டிய சோற்றை முப்பது வயதிலேயே உண்டு தீர்க்கிறார். எவரை நம்பி அவர் உழைத்தாரோ, எவருக்கு இலாபம் ஈட்டித் தந்தாரோ அவரும் தருவதில்லை. வரி வாங்கிய அரசும் தருவதில்லை.

விளைவு என்ன? இரண்டு மாதம் பொறுத்திருந்தால் தன் கைத்திறனுக்கேற்ற வேலை கிடைக்கும் என்று அறிந்த கடைசல் தொழிலாளி, இருபதாம் நாளே கிடைத்த கூலிக்குக் காவலாளி உடுப்பை மாட்டிக்கொள்கிறார். பத்தாண்டுத் திறமை துருப்பிடிக்கிறது. அவர் பாதிக் கூலிக்கு இசைந்தார் என்பதைக் காட்டியே, வேலையில் இருக்கும் நம் கூலியையும் அடுத்த பேச்சுவார்த்தையில் அமுக்குகிறார்கள். ஆகவே இது வேலை இழந்தவரின் வீட்டு விவகாரம் என்று எண்ணி, வேலையில் இருக்கும் தோழர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

திருப்பெரும்புதூரை எடுத்துக்கொள்வோம். நோக்கியா நிறுவனம் 2006இல் அங்கே கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. சிறப்புப் பொருளாதார மண்டலம், வரிச் சலுகை, வரவேற்பு வளைவு, எதற்கும் குறைவில்லை. வளர்ந்த நாளில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் அங்கே நேரடியாகப் பணியாற்றினர். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். அவர்களில் பெண்கள் மிகப் பலர். மாவட்டம் மாவட்டமாகச் சிற்றூர்களிலிருந்து வந்து, விடுதிகளில் தங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்பிய முதல் தலைமுறைப் பெண்கள். 2013 செப்டம்பரில் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கு விற்கப்போவதாக நோக்கியா அறிவித்தது. வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டிருந்ததால், 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது திருப்பெரும்புதூர் ஆலை மட்டும் அந்தப் பேரத்தில் சேரவில்லை. விற்றவருக்கும் வேண்டாத, வாங்கியவருக்கும் வேண்டாத பொருளாக ஆலை நின்றது. 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் அருகிலிருந்த பாக்ஸ்கான் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது.

அங்கிருந்த ஆயிரக்கணக்கானோரை எந்தப் பெயரில் அனுப்பினார்கள் தெரியுமா? விருப்ப ஓய்வு! இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஓய்வாம், அதுவும் விருப்பத்துடனாம்! சொல்லுக்கு இவ்வளவு பெரிய அநீதியை இழைத்தவர்கள் ஆளுக்கு என்ன நீதி செய்திருப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்களில் பலர் ஊர் திரும்பினர். எஞ்சியோர் அடுத்த ஆலை வாசலுக்குச் சென்றபோது, அங்கே தொங்கிய அறிவிப்பு "வயது 18 முதல் 25 வரை" என்று சொல்லியது. எட்டாண்டு அனுபவம் தகுதியாக எண்ணப்படவில்லை. வயதாகிவிட்டது என்பதற்குச் சான்றாக எண்ணப்பட்டது.

அதே நிறுவனத்தின் தாய்நாட்டைப் பாருங்கள். பின்லாந்தில் சலோ என்ற சிறு நகரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை இருந்தது. 2012இல் அங்கேயும் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அங்கேயும் கண்ணீர், அங்கேயும் வெறிச்சோடிய தெரு. முதலாளி அந்நாட்டிலும் முதலாளிதான்! ஆனால் அந்நாட்டில், வேலையின்மை நிதியில் உறுப்பினராக இருந்த தொழிலாளிக்கு, அவர் பெற்றுவந்த ஊதியத்தையொட்டிய உதவித் தொகை 500 நாள் வரை பெறும் உரிமை அப்போது சட்டத்தில் இருந்தது. ஒரே நிறுவனம், ஒரே தொழில், ஏறத்தாழ ஒரே காலம். சலோவின் தொழிலாளிக்குத் தேடுவதற்கு ஐந்நூறு நாள். திருப்பெரும்புதூரின் தங்கைக்கு, கையில் கொடுத்த தொகை கரையும் வரை.

நம் சட்டம் என்ன தருகிறது? 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் ஒரு திருத்தம் செய்தார்கள். ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத அறிவிப்பு. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு. அந்நாளில் அது ஒரு வெற்றி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நாள் பதினைந்தாகவே நின்றுவிட்டது! குடியரசுத் தலைவர்கள் மாறினர், கட்சிகள் மாறின, ரூபாயின் மதிப்பு மாறியது. எட்டாண்டு உழைத்தவருக்குச் சட்டப்படி நான்கு மாத ஊதியம். அதற்குமேல் ஒரு நாளும் இல்லை. 2020இல் நிறைவேற்றி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்திய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் அதே பதினைந்து நாளைத்தான் வழிமொழிந்தது. அரசின் முன் அனுமதி பெறாமல் ஆலையை மூடலாகாது என்ற பாதுகாப்பு 100 தொழிலாளர் உள்ள ஆலைகளுக்கு இருந்ததே, அதை மட்டும் 300 ஆக உயர்த்த மறக்கவில்லை! தொழிலாளிக்குரிய எண் எழுபது ஆண்டாக நகரவில்லை. முதலாளிக்குரிய எண் ஒரே தாவலில் மும்மடங்காயிற்று.

புதுச் சட்டத்தில் ஒரு புதுமை உண்டு. அதையும் சொல்லிவிடுவோம், இல்லையேல் மறைத்தோம் என்பார்கள். ஆட்குறைப்புக்கு ஆளானவர் மறுதிறன் பெற ஒரு நிதி; முதலாளி அதில் செலுத்த வேண்டிய தொகை, அத்தொழிலாளி கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 15 நாள். மீண்டும் பதினைந்து! பதினைந்து நாள் கூலியில் எந்தத் தொழிலைப் பயில்வது? தட்டச்சுப் பயிலவே மூன்று மாதம் ஆகுமே! ஒப்பந்தத் தொழிலாளிக்கும் குறித்த காலப் பணியாளருக்கும் அதுவும் எட்டாது. தவணை முடிந்து வெளியே அனுப்பப்படும் குறித்த காலப் பணியாளரை ஆட்குறைப்புச் செய்யப்பட்டவராகச் சட்டம் கருதுவதே இல்லை.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தில் திட்டம் இருக்கிறதே என்று ஆளவந்தார்கள் குறுக்கிடுவார்கள். இருக்கிறது. 2005 ஏப்ரலில் ஒன்று வந்தது: ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனால் பாதி ஊதியம் என்றது. 2018 ஜூலையில் அடல் பெயரில் இன்னொன்று: ஊதியத்தில் 25 விழுக்காடு, அதிகம் போனால் 90 நாள், அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. பெருந்தொற்று வந்து நாடே முடங்கிய 2020இல் அதை 50 விழுக்காடாக்கினார்கள். வாழ்நாளில் ஒரு முறை! ஒருவருக்கு ஒரு தடவைதான் வேலை போக வேண்டும் என்று ஆலை முதலாளிகளுக்கு எவரேனும் ஆணை பிறப்பித்திருக்கிறார்களா? காப்பீட்டு வரம்பாக 2017இல் வகுத்த மாத ஊதியம் 21,000 ரூபாய். அதற்குமேல் பத்து ரூபாய் பெற்றுப் பணியில் சேர்ந்தவருக்கும் இதில் இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, விருப்ப ஓய்வு பெற்றவருக்கு இத்தொகை கிடையாது என்று விதி சொல்கிறது. இப்போது புரிகிறதா, அந்த "விருப்ப" என்ற சொல்லின் விலை?

மாநிலத்தின் பங்கையும் சொல்லாவிட்டால் நாம் பாரபட்சம் காட்டியவர்களாவோம். தமிழ்நாட்டு அரசு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தோருக்கு உதவித் தொகை வழங்குகிறது. பள்ளியிறுதியில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலைக் கல்விக்கு 400, பட்டதாரிக்கு 600. பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்த பிறகு, மூன்றாண்டு வரை! நோக்கம் நல்லதே. ஆனால் நேற்று வேலை போனவர் நாளை ரேஷன் கடைக்குப் போக வேண்டும். ஐந்தாண்டு கழித்து அல்ல. வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வரலாறும் சுவையானது. 1945இல், போர் முடிந்து படைவீடு விட்டு வந்த சிப்பாய்களை வேலையில் அமர்த்த வெள்ளை அரசு அதைத் தோற்றுவித்தது. சிப்பாய் வெறுங்கையோடு தெருவில் நின்றால் ஆபத்து என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. 1959இல் சட்டம் வந்தது: 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் காலியிடத்தை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தெரிவித்தாலே போதுமாயிருந்தது, அங்கிருந்து ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. தெரிவிக்காவிட்டால் முதல் தடவை அபராதம் அந்தச் சட்டத்தில் 500 ரூபாய் வரைதான் இருந்தது!

இனி, எதிர்த்தரப்பின் பெரிய வாதத்துக்கு வருவோம். "உட்கார்ந்திருப்பவனுக்குப் பணம் கொடுத்தால் சோம்பேறியாவான், வறுமைதான் அவனை விரட்டி வேலை தேட வைக்கும்." பேசுவோர் பெரும்பாலும் ஓய்வூதியம் உறுதியானவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. இந்த வாதத்தை ஆராய்ந்து பார்த்த ஊர் ஒன்று உண்டு. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற சிற்றூர். ஊரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ஆலை மூடியது. ஊரில் இருந்த 478 குடும்பங்களில் பெரும்பாலானவை வேலையின்றி நின்றன. மரீ யஹோடா, பவுல் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூவரும் குழுவாக அங்கே சென்று ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டனர்.

என்ன கண்டார்கள்? வேலை இல்லாததால் நேரம் நிறைய இருந்தது. ஆனால் தொழிலாளர் நூலகத்தில் நூல் எடுப்போர் குறைந்தனர். சன்னல் மறைவில் நின்று தெருவில் செல்வோரின் நடையை அளந்தபோது, ஆண்களின் நடை தளர்ந்திருந்தது. நின்று நின்று சென்றார்கள். பெண்கள் விரைந்து நடந்தார்கள், ஏனெனில் ஆலை மூடினாலும் சமையற்கட்டு மூடவில்லை! ஆய்வாளர்கள் குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: உள்ளம் முறியாதோர், கைவிட்டு அமைந்தோர், மனமுடைந்தோர், எதிலும் பற்றற்றுப் போனோர். பிறகு ஒவ்வொரு வகைக் குடும்பத்திலும் தலைக்கு மாத வருவாய் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். முறியாதோர்க்கு 34 ஷில்லிங். அமைந்தோர்க்கு 30. உடைந்தோர்க்கு 25. பற்றற்றோர்க்கு 19.

இந்த நான்கு எண்களை மனத்தில் நிறுத்துங்கள், தோழர்களே. "மனம் தளராதே" என்று உபதேசிப்போர், மனத்தில் ஊக்கம் இருந்தால் பணம் வரும் என்கிறார்கள். மரியன்தால் காட்டுவது தலைகீழ். அங்கே அந்த வருவாயின் பெரும்பகுதி உதவித் தொகைதான், ஊக்கத்தால் ஈட்டியதன்று. உதவித் தொகை சற்று மிஞ்சியிருந்த வீட்டில் ஊக்கம் இருந்தது. அது வற்றிய வீட்டில் ஊக்கமும் வற்றியது. வறுமை அவர்களை விரட்டி வேலை தேட வைக்கவில்லை. தேடும் வலுவையே தின்றுவிட்டது. அப்படியானால் சோம்பலை வளர்ப்பவர் யார்? தொகை கொடுப்பவரா, மறுப்பவரா?

அடுத்து, "ஏழை நாடு, பணம் எங்கே?" என்பார்கள். இங்கிலாந்து 1911இல் வேலையின்மைக் காப்பீட்டைச் சட்டமாக்கியது. கப்பல் கட்டுதல், பொறித் தொழில், கட்டடம் போன்ற சில தொழில்களில் இருந்த இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர்க்கு வாரம் 7 ஷில்லிங், ஆண்டில் 15 வாரம் வரை. தொழிலாளி, முதலாளி, அரசு மூவரும் சந்தா செலுத்தினர். அதே 1911 டிசம்பரில்தான் டில்லியில் முடிசூட்டுத் தர்பார் நடத்தி நம் பணத்தைக் கொட்டினார்கள் என்பது இடையில் நினைவுக்கு வருகிறது. நிற்க. இன்று நம் நாட்டில் காப்பீட்டுக் கழகத்துக்கு முதலாளி ஊதியத்தில் 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்தும் ஏற்பாடு 2019 முதல் இருக்கிறது. அதற்கு முன் முதலாளியின் பங்கு 4.75. குறைத்துக் கொடுத்த அந்த ஒன்றரை விழுக்காட்டைத் திரும்பக் கேட்டு, வேலையிழந்தோர் நிதி என்று தனியே வைத்தால் கணக்குத் தொடங்கிவிடும். அரசமைப்புச் சட்டத்தின் 41ஆவது பிரிவும், வேலையின்மையின்போது பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்று 1950 முதல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. "பொருளாதார வலிமைக்கு உட்பட்டு" என்ற சொற்றொடரை அதில் சேர்த்தார்கள். நிறுவனத்துக்கு நிலமும் மின்சாரமும் வரி விலக்கும் தரும்போது அந்தச் சொற்றொடர் எவர் நினைவுக்கும் வருவதில்லை.

சட்டம் மாறும்வரை வாளா இருப்பதா? கூடாது. உங்களுக்கோ உங்கள் அண்டை வீட்டாருக்கோ நாளை அறையொன்றில் உட்கார வைத்து, ஒரு தாளை நீட்டி, "இராஜினாமா எழுதிக் கொடுத்தால் உன் பெயர் கெடாது" என்பார்கள். கணிப்பொறி நிறுவனங்களில் இது கலையாகவே வளர்ந்திருக்கிறது. அத்தாளில் அன்றே கையெழுத்திட வேண்டாம். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு இல்லை. காப்பீட்டுக் கழகத்தின் தொகையும் இல்லை. ஐந்தாண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை தனி உரிமை. அதை இழப்பீட்டோடு கலந்து ஒரே தொகையாகக் காட்டினால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பணிச் சான்றிதழை எழுத்தில் பெறுங்கள். செலுத்திய சந்தாவின் பயனாகக் காப்பீட்டு மருத்துவமனை உரிமை வேலை போன பின்னும் சில மாதம் நீடிக்கும். பலர் இதனை அறியாமல் தனியார் மருத்துவமனையில் கடன்படுகிறார்கள். சங்கத்தாரை உடன் அழைத்துச் செல்லுங்கள். சங்கம் எமக்கில்லை என்று கணிப்பொறித் துறைத் தோழர்கள் சொல்ல வேண்டியதில்லை. அவர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாட்டு அரசே 2016இல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

சங்கம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மறைமலைநகர் சான்று. போர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்தது. அங்கே 2,600க்கு மேற்பட்ட தொழிலாளர். சங்கம் மாதக்கணக்கில் பேசியது. 2022இல் வேலைநிறுத்தமும் செய்தது. சட்டம் ஆண்டுக்குப் பதினைந்து நாள் என்றிருக்க, அங்கே பேசப்பட்டதும் கொடுக்கப்பட்டதும் ஆண்டுக்கு நூறு நாளுக்கு மேற்பட்ட ஊதியம். 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. எனினும் தேடுவதற்கு நாள் கிடைத்தது. பெரம்பூரில், 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பின்னி ஆலை 1996இல் மூடியபோது நடுவயதில் தெருவுக்கு வந்தவர்களுக்கு வாய்க்காத நாட்கள் அவை.

இப்போது போர்டு திரும்பி வருகிறது. 2025 அக்டோபர் இறுதியில் தமிழ்நாட்டு அரசுடன் ஒப்பந்தம் செய்தது: அதே மறைமலைநகரில் 3,250 கோடி ரூபாயில் எஞ்சின் உற்பத்தி, 600க்கு மேற்பட்டோர்க்கு வேலை, 2029இல் தொடக்கம். வரட்டும், வரவேற்கிறோம். ஆட்குறைப்பு செய்த முதலாளி மீண்டும் ஆள் எடுத்தால் பழைய தொழிலாளிக்கே முன்னுரிமை என்று பழைய தொழில் தகராறுச் சட்டம் சொல்லியது, காலவரம்பின்றி. புதுத் தொகுப்புச் சட்டம் அதை ஓராண்டுக்குள் என்று குறுக்கிவிட்டது. 2022இல் தொகை பெற்று வெளியேறியவர், 2029இல் வாசலில் நின்றால், எந்தச் சட்டத்தையும் காட்ட முடியாது. ஆகவே சட்டத்தை எதிர்பாராமல், ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி எழுதச் சொல்லித் தொழிலாளர் துறையிடம் இப்போதே கேட்க வேண்டும். அந்த அறுநூறு இடத்துக்கும் முதல் கடிதம் பழைய தொழிலாளரின் முகவரிக்குச் செல்லட்டும், வயது வரம்பின்றி. சலுகை பெறும் நிறுவனம் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் ஆறு மாத ஊதியத்தை உற்பத்தி தொடங்கும் நாளிலேயே வைப்பாகக் கட்டட்டும். உற்பத்தி தொடங்க இன்னும் காலம் இருக்கிறது. வரிகளை எழுத ஒரு பிற்பகல் போதும்.